விதைக்காரர் வீட்டுச் சுவர்

“ஊர் அழுக்கைத் துவைக்க உனக்கு ஒரு தொட்டி போதும். அதுக்கு எதுக்குடா மூணு மாடி?”

“தொட்டியில படுத்துத் தூங்க முடியாதுக்கா.”

“நான் படுத்திருக்கிற இடத்தை வந்து பாரு. தொட்டியே தேவலைம்ப.”

இந்த இடத்தில்தான் நாங்கள் ஜன்னலைத் திறந்தோம். எதிர்வீட்டுச் சண்டையை மூடின ஜன்னல் வழியாகக் கேட்டால் பாதிதான் விளங்கும், மீதிப் பாதியை நாமே இட்டுக்கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பாவம் எதற்கு?

அந்த வீட்டில் தெருக்கதவைத் திறந்தால் நேரே மாடிப்படிதான். அக்கா மேல்படியில் நின்றாள். தம்பி கீழ்ப்படியில். தம்பி மனைவி நடுவில், பிழிந்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாருக்கு முதுகைக் காட்டுவது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். போர்வையிலிருந்து சொட்டின தண்ணீர் படிப்படியாக இறங்கித் தம்பியின் செருப்புக்கு வந்து சேர்ந்தது. வெளியே மழை. பத்து நாளாகச் சூரியனையே காணோம். லாண்டரிக்காரர்களுக்கு மழைக்காலத்தில் வாயைத் திறந்தாலே சண்டையாகத்தான் வரும்.

தம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் கஞ்சிக்காரர். துணிக்குக் கஞ்சி போடுவது தொழில் என்பது ஒரு காரணம். அவரே கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி இருப்பார் என்பது இன்னொன்று. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் முழு ஆளும் திரும்ப வேண்டும். தெருவில் பார்த்து நாம் சிரித்தால் பதிலுக்கு அவர் இமை மட்டும் ஒரு தடவை இறங்கி ஏறும். அவர் மனைவி நேர்மாறு. உதறிப் போட்ட துணி மாதிரி, யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வருகிறவள் என்றுதான் நினைத்திருந்தோம். மகள் ஒருத்தி. கீழே கடையில் உட்கார்ந்து துணிகளுக்குச் சீட்டுக் குத்துவாள். எந்த வீட்டுச் சட்டையில் யாருடைய தலைமுடி ஒட்டியிருந்தது என்பது வரை அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டாள், அது ஒன்றுதான் அவளிடம் எங்களுக்குப் பிடிக்காத குணம்.

சண்டைக்குக் காரணம் தெருவுக்கே தெரியும். ஒரு கட்டடக் கம்பெனி அந்த வரிசையை மூலையிலிருந்து வாங்கிக்கொண்டே வந்தது. பூட்டுக்கடை போயிற்று, ரொட்டிக்கடை போயிற்று, பல் டாக்டர் நாற்காலியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நடுவில் தனியாக நின்றது லாண்டரி வீடுதான். அது அப்பா சொத்து. அக்காவும் தம்பியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அக்காவைச் சும்மா குறை சொல்வதில் அர்த்தமில்லை. நாங்கள் அவள் மகன் வீட்டுக்கு ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வீடு மகனுக்கும் மருமகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். அவளுக்குச் சமையலறையில், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே மடக்குக் கட்டில். யாராவது தண்ணீர் குடிக்க வந்து பிரிட்ஜைத் திறந்தால் வெளிச்சம் நேரே அவள் முகத்தில் விழும். மருமகள் கெட்டவள் இல்லை, “தூங்குங்கத்தை, தூங்குங்கத்தை” என்று சொல்லிக்கொண்டேதான் திறப்பாள். தன் பங்கு கைக்கு வந்தால் எங்காவது ஒரு அறை பார்த்துக்கொண்டு போகலாம் என்பதுதான் அக்காவின் கணக்கு.

தம்பியின் கணக்கு வேறு. அந்த வீட்டை விட்டால் அவருக்குத் தொழில் இல்லை. கீழே பாய்லரும் தொட்டிகளும், முதல் மாடியில் இஸ்திரி மேஜைகள், அதற்கு மேலே குடியிருப்பு, உச்சியில் ஓட்டுக்கூரை போட்ட நீள அறை. மழைக்காலத்தில் பாய்லர் சூடு படிக்கட்டு வழியே மேலே ஏறி அந்த அறையில் தொங்கும் துணிகளை உலர்த்தும். அப்படி அமைந்த வீடு இன்னொன்று இந்த நகரத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதைத் தவிர.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்க என்று ஓர் அரசு அலுவலகம் இருக்கிறதாம். அதன் பட்டியலில் ஒரு வீடு ஏறிவிட்டால் சொந்தக்காரரே நினைத்தாலும் இடிக்க முடியாதாம். இதைக் கஞ்சிக்காரரிடம் சொன்னது அவர் மகள். துணி போட வந்த யாரோ அவளிடம் சொன்னது. அவர் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அது தெரிந்துதான் அக்கா அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு வந்து மேல்படியில் நின்றது.

அடுத்த வாரம் அந்த அலுவலகத்து அம்மாள் வந்தாள். கட்டடத்தம்மா என்று நாங்கள் அன்றே பெயர் வைத்துவிட்டோம். தோளில் பை, கையில் டார்ச், காலில் ஆண்பிள்ளை பூட்ஸ். வாசலைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். ஜன்னல்களைப் பார்த்தாள், பிதுக்கின உதடு பிதுக்கினபடியே இருந்தது. எல்லாம் மாற்றிக் கட்டியிருக்கிறது, இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற சமயத்தில், மாடிப்படிச் சுவரில் டார்ச் வெளிச்சம் சாய்வாகப் பட்டது.

அந்தச் சுவர் கறுப்பு. அப்பா காலத்துக் கரி அடுப்பும், பிறகு வந்த பாய்லரும் சேர்ந்து பூசின கறுப்பு. துவைத்த துணியோடு போகிற யாரும் அதில் உரசிவிடக் கூடாதென்று கஞ்சிக்காரர் படியின் அந்தப் பக்கம் கயிறே கட்டியிருந்தார். கட்டடத்தம்மா கயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்தாள். பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை எடுத்து, ஏதோ ஒரு சீசாவில் தொட்டு, குழந்தை காதைத் துடைப்பது போல நகத்தளவு இடத்தைத் துடைத்தாள். ஊதா நிறத்தில் ஒரு பூ எட்டிப் பார்த்தது.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பூ என்றால் பெரிய பூ இல்லை, அவரைப் பூ. பக்கத்தில் இன்னொரு இடத்தைத் துடைத்தாள், பூசணிக்காயின் முதுகு வந்தது. இது ஒரு காலத்தில் விதைக்கடைக்காரர் வீடாக இருந்திருக்க வேண்டும், வாங்க வருகிறவர்களுக்கு எந்த விதையில் என்ன முளைக்கும் என்று காட்டத் தோட்டத்தையே சுவரில் வரைந்திருக்கிறார்கள், இப்படி ஒன்றைத் தான் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னாள். எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ராஜா ராணி யாராவது வெளியே வருவார்கள் என்று பார்த்தால் காய்கறி. ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரனை எப்படித் தடுப்பது?

தடுக்கலாம் என்றாள் அவள். மேலிடத்துக் குழுவை நேரில் அழைத்து வருவேன், அவர்கள் இந்தச் சுவரைப் பார்த்தால் போதும், வீட்டின் மேல் யாரும் கை வைக்க முடியாது. போகும்போது வாசலில் நின்று சொன்னதுதான் முக்கியம். மகள் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள்.

“குழு வர்ற வரைக்கும் சுவரை யாரும் தொடாதீங்க. கரி இருக்கட்டும். இந்தக் கரிதான் இதை இத்தனை காலம் காப்பாத்தியிருக்கு.”

கஞ்சிக்காரர் இமையை இறக்கி ஏற்றினார். சரி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கொண்டாட்டம். துணி போட வந்தவர்கள், போடாதவர்கள், துணியையே காரணமாக வைத்து வந்தவர்கள் எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவரைப் பூவைப் பார்த்தார்கள். கஞ்சிக்காரர் மனைவி எல்லாருக்கும் தேநீர் போட்டாள், உருளைக்கிழங்கை வேக வைத்து உப்பும் மிளகும் தூவித் தட்டில் நீட்டினாள். நாங்கள் மூன்று தடவை போனோம். உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது.

அக்காவும் வந்தாள். மறுபடியும் சண்டைதான் என்று நாங்கள் ஜன்னலுக்கு வந்தோம், ஆனால் சத்தமே இல்லை. பூவுக்கு எதிரே வெகுநேரம் நின்றாளாம். பிறகு தம்பி மனைவியிடம் உச்சி அறையில் ஒரு பக்கம் தடுத்தால் கட்டில் போட இடம் வருமா என்று கேட்டாளாம். மனைவி, “வரும் அண்ணி. ரெண்டு கொடியை அவுத்தாப் போதும். குளிர்காலத்துல அந்த அறை மாதிரி சுகம் வேற எங்கயும் கிடையாது” என்றாள்.

அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

“சரிடா. உன் குழு வரட்டும். வீடு நிக்கும்னு அவங்க சொல்லிட்டா நான் இங்கயே வந்துடறேன், விக்கற பேச்சே எடுக்க மாட்டேன். நிக்காதுன்னு சொல்லிட்டா அன்னிக்கே நீ கையெழுத்துப் போடணும். பின்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது.”

“போடறேன்க்கா.”

“சத்தமாச் சொல்லு, எதிர்வீட்டுக்கும் கேக்கட்டும்.”

சொன்னார். கேட்டது.

மனைவி அன்றைக்கே உச்சி அறையில் கொடிகளை அவிழ்த்து, பழைய போர்வைகளைத் தைத்துத் தடுப்பு கட்ட ஆரம்பித்தாள். அக்கா சின்னப் பெட்டி ஒன்றை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

குழு வருவதற்கு முந்தின நாள் வெயில் அடித்தது. மழைக்குப் பிறகு வருகிற அந்த வெயிலைப் பார்த்தால் யாருக்கும் எதையாவது கழுவ வேண்டும் போலிருக்கும். ஊர் முழுக்கப் போர்வையும் மெத்தை உறையும் மாடி விளிம்புகளில் தொங்கின. கஞ்சிக்காரர் தெருக்கதவை விரியத் திறந்து வைத்தார். வெளிச்சம் உள்ளே போய் அந்தச் சுவரில் விழுந்தது. நகத்தளவு பூ, நகத்தளவு பூசணி, சுற்றிலும் கரி.

அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர் கடைக்குப் போன யாருக்கும் அது தெரியும். கடைச் சுவரில் அவர் அப்பா எழுதி வைத்த பலகை இருக்கிறது: கறை பட்டால் நீங்கள் தொடாதீர்கள், அப்படியே எங்களிடம் கொண்டு வாருங்கள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க்குச் சாக்பீஸ் தூள், மைக்குப் பால் என்று வீட்டில் யாராவது கைவைத்தியம் செய்துவிட்டுக் கொண்டுபோனால் அவருக்கு அப்படிக் கோபம் வரும். தெரியாதவர்கள் தொடக் கூடாது, அதற்கென்று ஆள் இருக்கிறது. கட்டடத்தம்மா தொடாதீர்கள் என்றபோது அவருக்கு அது தன் கடைப் பலகை மாதிரியே கேட்டிருக்கிறது. அது மற்றவர்களுக்குச் சொன்னது. அவருக்கு இல்லை. கரிதான் காப்பாற்றியது என்று அவள் சொன்னதையும் அழுக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மரியாதைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார்.

பெரிய மனிதர்கள் வருகிற நாளில் லாண்டரிக்காரன் வீட்டுச் சுவர் கறுப்பாகவா நிற்பது?

முறைப்படிதான் செய்தார், அதைச் சொல்ல வேண்டும். எந்தத் துணியானாலும் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பார்ப்பார். அதே மாதிரி சுவரில் கீழ் மூலையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒற்றிப் பார்த்தார். பச்சையாக ஓர் இலை வந்தது. அப்புறம் அமோனியா கொஞ்சம் கலந்தார், பட்டுக்குக் கலக்கிற அளவுக்குத்தான். புது ஸ்பாஞ்ச். தேய்க்கவில்லை, ஒற்றினார். மனைவி வாளியை மாற்றி மாற்றிக் கொடுத்தாள், பிறகு தானும் ஒரு ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு மேல்படியிலிருந்து ஆரம்பித்தாள். மகள் வேண்டாம்ப்பா என்று ஒரு தடவை சொன்னாள். கடையைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

மத்தியானம் தெருச் சாக்கடையில் தண்ணீர் முதலில் கறுப்பாக ஓடியது. பிறகு ஒரு மாதிரிப் பச்சையாக, அப்புறம் ஊதாவாக. எங்களுக்கு அது விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கியது.

“ஏங்க, சாயம் விடுது போல இருக்கே.”

“முதல் தண்ணியில எல்லாமே கொஞ்சம் விடும். அப்புறம் நின்னுடும்.”

சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இதை மட்டும் நாங்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. படியின் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு தோட்டம். கீழே முட்டைக்கோசும் முள்ளங்கியும், அதற்கு மேல் பூசணிக்கொடி கைப்பிடியோடு சேர்ந்து வளைந்து ஏறியது, அவரைப் பந்தல், ஆள் உயரச் சூரியகாந்தி, பட்டாணிக் காய் ஒன்று வெடித்து உள்ளே மணிகள். ஈரத்தில் எல்லாம் பளபளத்தது. இப்போதுதான் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தோட்டக்காரன் அந்தப் பக்கம் போயிருக்கிறான் என்று தோன்றியது. யாருக்கும் கேலி செய்யத் தோன்றவில்லை. எங்கள் கும்பலில் எதையும் பாராட்டாத ஒருவர், “இந்த வீட்டுல இது இருந்திருக்கு பாரேன்” என்று மட்டும் சொன்னார். கஞ்சிக்காரர் கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். முழு ஆளும் திரும்பவில்லை, கழுத்து மட்டும்தான். அதையும் நாங்கள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தோம்.

சுவர் காய்வதற்காகக் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

காலையில் அது காய்ந்திருந்தது. பசை கலந்து தீட்டின வண்ணமாம், தண்ணீர் பட்டால் பசை கரைந்துவிடுமாம், ஈரம் இருக்கிற வரைக்கும்தான் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்குக் காலையில் நாங்கள் பார்த்தது, வெளுத்துப் போன சுவரும் படிகளில் வண்ண வண்ணமாகத் தூளும். மனைவி துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பெருக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. கஞ்சிக்காரர் ஓர் இலையின் விளிம்பைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பது போல உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கையை எடுத்தபோது அது பச்சையாக இருந்தது.

குழு சொன்ன நேரத்துக்கு வந்தது. அக்காவும் வந்திருந்தாள், நல்ல புடவை கட்டிக்கொண்டு. கட்டடத்தம்மாதான் முதலில் உள்ளே வந்தாள், பின்னால் வருகிறவர்களிடம் ஏதோ சிரித்துச் சொல்லிக்கொண்டே. சுவரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது, அவள் நிற்கவில்லை. கடைசிப் படி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

“யார் பண்ணினது?”

“நான்தான் மேடம். முழுசா எடுத்துட்டேன்.” இன்னும் விறைப்பாகத்தான் நின்றார்.

“அவர் மட்டும் இல்லம்மா,” என்றாள் மனைவி. “மேல்பாதி நான். அவர் வேகமாச் செய்ய மாட்டார். நான்தான் வேகமாச் செஞ்சேன்.”

குழுவில் வந்தவர்கள் சூரியகாந்தி இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவி, விரலைப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். இனி இங்கே பதிவு செய்ய எதுவும் இல்லை என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். காத்திருந்த வண்டியில் ஏறிப் போனார்கள். கட்டடத்தம்மா மட்டும் தங்கி, முதல் தடவை வந்தபோது உட்கார்ந்த அதே படியில் உட்கார்ந்தாள்.

“தொடாதீங்கன்னு சொன்னேன். தண்ணி பட்டாக் கரைஞ்சுடும்னு சொல்லாமப் போயிட்டேன்.”

“சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரியும்னுதான் நினைச்சிருப்பேன் மேடம்” என்றார் கஞ்சிக்காரர்.

தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா? அன்று மாலைக்குள் செய்தி தயாராகிவிட்டது. கஞ்சிக்காரர் கம்பெனிக்காரனிடம் வாங்கிக்கொண்டுதான் சுவரை அழித்தார், இவ்வளவு தொழில் தெரிந்தவருக்குச் சாயம் போகும் என்பது தெரியாதா என்று. மூலையில் காய்கறி விற்கிறவள் சொன்னாள், தண்ணீர் வண்டிக்காரன் சொன்னான். எங்களிடமும் சொன்னார்கள், வந்த செய்தியை வேண்டாமென்றா சொல்ல முடியும், கேட்டுக்கொண்டோம். அக்கா காதிலும் விழுந்தது. அவள் காய்கறிக்காரியின் கூடைக்கு முன்னால் போய் நின்றாள்.

“என் தம்பிக்கு அவ்வளவு புத்தி இருந்திருந்தா நாங்க எப்பவோ பங்களாவுல இருந்திருப்போம். அவனைத் திருடன்னு சொல்றதா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லு. முட்டாள்னு சொல்லு, நானும் கூடச் சேர்ந்து சொல்றேன்.”

அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. ஆனால் கையெழுத்து விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் அக்கா என்று அவர் கேட்கவும் இல்லை. சமையலறை மேஜையில் வைத்துப் போட்டார்கள், முதலில் தம்பி, பிறகு அக்கா. போட்டு முடித்ததும் அக்கா மேலே போய்த் தன் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். தடுப்புப் போர்வையை மடித்துத் தரட்டுமா என்று மனைவி கேட்டதற்கு, “வேண்டாம், இருக்கட்டும்” என்றாள். எதற்கு இருக்கட்டும் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பாய்லரைப் பிரித்து எடைக்குப் போட்டார்கள். இடிக்கிற ஆட்கள் கூரையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மாடிப்படி மட்டும் தனியாக ஆகாயத்தில் நின்றது, பக்கத்தில் அந்தச் சுவர். மறுநாள் அதுவும் இல்லை.

அக்கா நகரத்தின் அந்தக் கோடியில், பேருந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், ஓர் அறை வாங்கிக்கொண்டு போனாள். கஞ்சிக்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எல்லாம் வெள்ளைத் துணிதானாம், மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம், இவர் கதவை மூடித் திறக்க வேண்டியதுதானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறார், மூன்று பேருக்கு அந்த அறை போதாதென்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேள்வி. கட்டடத்தம்மா வேலையை விட்டுவிட்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டாள், அங்கே பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறாளாம்.

மகளுக்கு அடுத்த வருஷமே கல்யாணம் ஆயிற்று. எங்களையும் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், நல்ல பையன், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறார், அந்தக் குடும்பத்துக்கு அது புதுசு. அவர் கம்பெனி இப்போது எதிரே எழும்பியிருக்கிற கட்டடத்தின் லிஃப்டுகளையும் பார்த்துக்கொள்கிறது. மாதத்தில் ஒரு நாள் கருவிப் பையோடு வருவார், எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பார். ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு வாங்களேன், பார்த்து வெகு நாளாயிற்று என்று சொன்னோம். கேட்டுப் பார்த்தாராம். இந்தப் பக்கம் வருகிற பேருந்தில்கூட அவள் ஏறுவதில்லையாம்.